இரண்டு அயல்மொழிகளும் மாடிவீட்டுக் குரலும்

1

ஆஃப்ரிகான்ஸ் மொழியையும் எஸ்தோனிய மொழியையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வேண்டும் என்று சென்ற சித்திரையில் ஊரிலிருந்து ஓர் இதழாசிரியர் கேட்டிருந்தார். இரண்டு நாடுகளிலும் குடியிருந்த தமிழர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். தென்னாப்பிரிக்காவின் வறண்ட உட்பகுதியில் பத்தொன்பது ஆண்டுகள், எஸ்தோனியாவின் தார்த்து நகரில் பதினோரு ஆண்டுகள். இரண்டு இடங்களிலும் மொழியியல் கற்பிப்பதே என் தொழிலாக இருந்தது. இரண்டு வார வேலை என்று கருதி ஒப்புக்கொண்டேன். தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ஒரு மொழி, வலப்பக்கம் ஒரு மொழி என்று அட்டவணையும் போட்டுவிட்டேன்.

இடப்பக்கம் நிரம்பியது. வலப்பக்கம் நிரம்பாததற்கு ஒரு தொலைபேசி அழைப்பு காரணம்.

என் மனைவி ராமலட்சுமி இறந்து ஐப்பசியோடு ஓராண்டு நிறைகிறது. தார்த்துவிலிருந்து அவ்வளவு தூரம் நான் விமானத்தில் போகக் கூடாதென்று மருத்துவர் தடுத்திருப்பதால், அவள் பிறந்த ஊரான நாகலாபுரத்திலேயே வருடத் திதியைக் கும்பிடுவதென்று முடிவாகியிருந்தது. புரட்டாசிக் கடைசியில் அவளுடைய அண்ணன் ராமசுப்பு அழைத்தார்.

"மாப்ளே, மழை நல்லாப் பெஞ்சிருக்கு. கரிசல்ல கால வச்சாச் செருப்பப் பிடுங்கி வச்சுக்கிடுது."

"விதைப்பு ஆச்சா மச்சான்?"

"பருத்தியும் உளுந்தும் போட்டாச்சுன்னு சொல்லுதாங்க. எனக்கு என்ன தெரியுது? சொன்னதக் கேட்டுக்கிடுதேன்."

சர்க்கரை வியாதியில் அவருக்குப் பார்வை போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

"நீங்க அனுப்புன போட்டோவப் பெருசாப் போட்டு மாட்டியிருக்காவ. தடவிப் பாத்தேன், கண்ணாடிதான் இருக்கு. அவ சத்தம் ஏதாச்சும் போன்ல இருந்தா அனுப்பி வைங்க மாப்ளே. அன்னைக்குப் போட்டுக் கேக்கணும்."

"தேடிப் பாக்கேன் மச்சான்."

"தேடுததுக்கு என்ன இருக்கு? ஊருப்பட்டவன் பேச்சையெல்லாம் பிடிச்சுப் பெட்டியில அடைச்சு வச்சிருக்கவிய நீங்க. வீட்டுக்காரி பேச்சா இல்லாமப் போகும்?"

2

ராமசுப்பு சொன்னது உண்மை. ஆட்டு ரோமம் கத்தரிப்பவர்கள், பண்ணை வேலையாட்கள், மாதாகோயில் மணியடிப்பவர் என்று எத்தனையோ பேருடைய பேச்சைத் தென்னாப்பிரிக்காவில் ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். பெயர், வயது, பிறந்த ஊர், பதிவு செய்த இடம் எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்ட பெட்டிகள் என் அறையில் இருக்கின்றன. என்னோடு முப்பத்தெட்டு ஆண்டுகள் பேசிய பெண்ணின் குரல் அவற்றில் இல்லை.

நான்கு நாட்கள் தேடினேன். பழைய கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியபோது உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. அவள் குரலஞ்சல் அனுப்பும் பழக்கமுள்ளவள் அல்ல. வேண்டியதை நேரே அழைத்துப் பேசிவிடுவாள். மகள் பூரணியிடமும் இல்லை. பெட்டிகளில் ஒரே ஓர் இடத்தில் அவளுடைய தடயம் கிடைத்தது. எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்து ஒரு மேய்ப்பருடைய பேச்சைப் பதிவு செய்தபோது, நடுவில் அவள் ஏதோ கேட்டிருக்கிறாள். பதிவேட்டில் என் கையெழுத்தில் குறிப்பு இருக்கிறது: "பின்னணி இரைச்சல், பாத்திர ஒலி, பெண் குரல். நீக்கப்பட்டது."

ஆனால் அவள் குரல் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எங்கள் தலைக்கு மேலே, மாடி வீட்டில், லெய்டா என்ற மூதாட்டியிடம் இருக்கிறது. அடக்கத்தன்று அவரே என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "ராமாவின் குரல் என்னிடம் நாற்பத்தொரு பதிவுகளாக இருக்கிறது. வேண்டும்போது வாருங்கள்."

ராமா. என் மனைவியை அப்படி யாரும் அழைத்ததில்லை.

நன்றி சொன்னேன். ஏறக்குறைய ஓராண்டாகப் போகவில்லை. துக்கத்தினால் என்று பூரணி நினைத்திருந்தாள். அதை நான் மறுக்கவில்லை. பொறாமை என்று மகளிடம் சொல்ல முடியாது.

3

இடப்பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஆஃப்ரிகான்ஸ் கற்பவரிடம் இரக்கமுள்ள மொழி. நான் போகிறேன், நீ போகிறாய், அவர்கள் போகிறார்கள் என்று வினைச்சொல் ஆளுக்கு ஆள் உருமாறுவதில்லை. ஒரே வடிவம் எல்லோருக்கும் போதும். டச்சு மொழியிலிருந்து கிளைத்து, கப்பலோட்டிகளும் அடிமைகளும் பண்ணையாட்களும் புழங்கிப் புழங்கி முனைகள் தேய்ந்த மொழி என்பதால் அந்த எளிமை. எதிர்மறையை மட்டும் அது இருமுறை சொல்லும். 'இல்லை' என்று தொடங்கிய வாக்கியத்தை மற்றோர் 'இல்லை'யைக் கொண்டுதான் மூடும்.

ஆனால் என்னை அது கவர்ந்தது இலக்கணத்தால் அல்ல, மரியாதையால். முன்பின் தெரியாத பெரியவரை 'ஊம்' என்பார்கள், மாமா என்று பொருள். பெண்ணென்றால் 'தன்னி', அத்தை. நேருக்கு நேர் பேசும்போதும் 'நீங்கள்' என்பதைத் தவிர்த்து, "மாமாவுக்கு மாமாவின் காப்பியைக் கொண்டுவரட்டுமா?" என்று உறவுமுறையையே திருப்பிச் சொல்லுவார்கள். கயத்தாற்றுக் கடைகளில் அண்ணாச்சி என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யாருடைய பெயரும் தெரியாமல் ஒரு நாள் முழுக்க வியாபாரம் செய்யலாம். அப்படி ஓர் ஊரிலிருந்து வந்தவனுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈராண்டில் சரளமாகப் பேசினேன். பூரணி அங்கேயே படித்து, ஆஃப்ரிகான்ஸ் பேசும் குடும்பத்தில் மணமுடித்தாள். சம்பந்தி வீட்டு விருந்துகளில் என் வேடிக்கைப் பேச்சுக்கு மேசை முழுவதும் சிரிக்கும். இன்றும் எட்டு வயதுப் பேத்தி என்னை 'ஓபா', அதாவது தாத்தா, என்று அழைத்துத் தொலைபேசியில் அந்த மொழியில்தான் கதை கேட்கிறாள். தமிழில் அவளுக்குத் தெரிந்தது தோசை மட்டும்.

அந்த மேசையில் ராமலட்சுமி என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன சொன்னாவ? எல்லாரும் சிரிக்காவளே?"

"பொறவு சொல்லுதேன்."

சொன்னதில்லை. வீடு திரும்பும்போது காரில் அவள் கேட்பாள். நகைச்சுவையை மொழிபெயர்த்தால் செத்துவிடும் என்று ஒரு முறை விளக்கினேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் அவளும் ஒருவேளை பொறாமைப்பட்டிருக்கலாம். அப்போது நான் அதை அலுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

4

ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறைப் பெண்கள் பலர் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ராமலட்சுமி இதில் பிடிவாதக்காரி. என் பெயர் பெருமாள்சாமி. ஆகவே பெருமாளும் அவளுக்கு விலக்கு. பெருமாள் கோயில் அவளுக்கு 'நாமக்காரர் கோயில்'. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சாமியின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கும்பிடும்போதும் அந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடுவாள்.

தென்னாப்பிரிக்கா சென்ற முதல் ஆண்டில் குடியேற்ற அலுவலகத்தில் இது வெளிப்பட்டது. ஒவ்வொருவரும் தாமே பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. "கணவர் பெயர்?" என்று அலுவலர் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்ததும் அலுவலர் கையை உயர்த்தித் தடுத்தார். மூன்றாம் முறை கேட்டபோது, "பூரணி ஃபாதர்" என்றாள். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். அனுமதிப் பத்திரத்தில் என் மனைவி 'பூரணி ஃபாதர்' என்ற ஒருவருடைய மனைவியாக அச்சாகி வந்தாள். அதைத் திருத்த உறுதிமொழிப் பத்திரங்களோடு ஏழு மாதம் அலைந்தேன்.

அன்று படியிறங்கும்போது அவளுக்குக் கோபம்.

"நீங்க பக்கத்துலதான நிக்கீங்க? ஒங்ககிட்டக் கேட்டாத் தீந்து போச்சு. என்னையப் போயிச் சொல்லச் சொல்லுதான்!"

"எழுதியாச்சும் காட்டியிருக்கலாம்லா?"

"எழுதுனா மட்டும் சொன்னதாகாதோ?"

முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் அவளுக்கு 'ஏங்க', 'இங்கேருங்க', பிறரிடம் 'இவிய', 'பூரணி அப்பா'. இதில் எனக்குக் குறையிருந்ததாக நினைவில்லை. பெயரால் அழைக்கப்படாமல் இருப்பது நேசத்தின் ஒரு வடிவம் என்று வகுப்பில்கூடச் சொல்லியிருக்கிறேன்.

5

வலப்பக்கம்.

எஸ்தோனிய மொழி ஆஃப்ரிகான்ஸுக்கு நேர்மாறானது. மரியாதைக்கு உறவுமுறை தேடாது. பக்கத்து வீட்டுக் கிழவியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஆனால் அதன் எலும்புகள் நமக்குப் பழக்கமானவை. பெயரோடு உருபு ஒட்டும்: வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டுக்குள். நமக்கு எட்டு வேற்றுமை என்றால் அவர்களுக்குப் பதினான்கு. 'அம்மாவோடு' என்பதற்கு ஓர் உருபு உண்டு. 'அம்மா இல்லாமல்' என்பதற்கும் தனியே ஓர் உருபு உண்டு. ஆஃப்ரிகான்ஸில் 'இல்லாமல்' தனிச்சொல். பெயருக்கு முன்னால் தள்ளி நிற்கும். எஸ்தோனியனில் அது பெயரோடேயே ஒட்டிக்கொள்கிறது. சென்ற ஐப்பசிக்குப் பிறகு அந்த உருபை எந்தப் பெயரோடும் சேர்த்து நான் எழுதிப் பார்க்கவில்லை.

இலக்கணம் முழுவதும் எனக்குத் தெரியும். மாணவர்களுக்கு அதை விளக்கினேன், ஆங்கிலத்தில். பேச மட்டும் வாய் வரவில்லை. ஐம்பத்தேழு வயதில், ஒரு மொழியியல் பேராசிரியர், ரொட்டிக் கடையில் தப்பும் தவறுமாகப் பேசுவதை நினைத்துப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ராமலட்சுமிக்கு அந்தக் கவலையில்லை. பத்தாம் வகுப்போடு நின்றவள். நாகலாபுரத்தில் பருத்தி எடுக்கப் போன இடத்தில், பக்கத்து நிரையில் தெலுங்கு பேசிய பெண்களோடு பேசிப் பேசியே தெலுங்கு கற்றவள். தார்த்துச் சந்தையிலும் அதையே செய்தாள். வந்த ஆறாம் மாதம் காலை உணவின்போது என்னிடம் எஸ்தோனியனில் ஒரு வாக்கியம் சொன்னாள். "நான் சந்தைக்குப் போகிறேன்" என்று சொல்ல நினைத்து, உருபை மாற்றிச் "சந்தையில் போகிறேன்" என்றாள். நான் திருத்தினேன். விதியையும் சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நீங்களே போயிக் கீரை வாங்கிட்டு வாங்க."

போனேன். விரலால் சுட்டிக் காட்டி வாங்கி வந்தேன்.

"வாயத் தொறந்தீங்களா?"

கீரைக் கட்டை மேசையில் வைத்தேன்.

"ஒங்களுக்குத் தப்பாப் பேசப் பயம். எனக்கு என்ன, பட்டமா பறிபோகுது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்றுமுதல் வீட்டுக்குள் அந்த மொழியில் ஒரு சொல்லும் பேசவில்லை. வியாழக்கிழமை தோறும் மாடிக்குப் போனாள். மொழித் தேர்வுக்கு லெய்டா பயிற்சி கொடுக்கிறார் என்றாள். லெய்டா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நிறுத்தி நிதானமாகப் பேசுவார். தேர்வில் தேறிய பிறகும் வியாழக்கிழமைகள் நிற்கவில்லை. மேலேயிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பு கூரை வழியே இறங்கி வரும். கீழே நான் கட்டுரைகள் திருத்திக்கொண்டிருப்பேன். இறங்கி வந்ததும், "என்ன அப்பிடிச் சிரிப்பு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொறவு சொல்லுதேன்" என்றாள்.

அதில் பழிவாங்கல் எதுவும் இல்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அந்த இரண்டு சொற்களை நான் இன்றுவரை மறக்கவில்லை.

6

திதிக்கு ஆறு நாட்கள் இருந்தபோது மாடியேறினேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை எஸ்தோனியனில் எழுதி, உருபுகளைச் சரிபார்த்து, மனப்பாடம் செய்துகொண்டேன். கதவு திறந்தது. வாக்கியத்தைச் சொன்னேன். முதல் சொல்லிலேயே தவறியதை என் காதே எனக்குச் சொன்னது. லெய்டா கடைசிச் சொல் வரும்வரை காத்திருந்தார். திருத்தவில்லை. "உள்ளே வாருங்கள், பெருமாள்சாமி" என்றார்.

அவர் ஆங்கிலத்துக்கு மாறவில்லை. மெதுவாகப் பேசினார், எனக்குப் புரிந்தது.

"பதினோரு ஆண்டுகள், இருபத்திரண்டு படிகள். ஆண்டுக்கு இரண்டு படி ஏறியிருக்கிறீர்கள்."

காப்பி வைத்தார். ஒரு வாய் குடித்ததும் நிமிர்ந்து பார்த்தேன். கருப்பட்டி. எங்கள் வீட்டில் அது தீர்ந்து மாதங்கள் ஆகின்றன. அலமாரியில் ஒரு தகர டப்பாவைக் காட்டினார். "ராமா கொடுத்தது. சுத்தியலால் உடைக்கச் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் மேசையை உடைத்தேன்." மேசை விளிம்பில் வடு இருந்தது.

இன்னும் பாதி டப்பா மிச்சமிருந்தது. அதையும் நான் கவனித்தேன்.

ராமசுப்புவைப் பற்றிச் சொன்னேன். பார்வையில்லாதவர் என்பதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை; கண்ணைத் தொட்டுக் காட்டினேன். லெய்டா எழுந்து சிறிய கருவியைக் கொண்டு வந்தார்.

"ஒன்று தருகிறேன். முதல் பதிவு."

"மற்ற நாற்பது?"

"உங்களிடம் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தன. என்னிடம் வியாழக்கிழமைகள் மட்டும்தான்."

"பிரதி எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவேன்."

"தெரியும். பிரதி எடுத்துக்கொண்டவர் மறுபடி படியேற மாட்டார். வியாழன்தோறும் வாருங்கள். ஒவ்வொன்றாகத் தருகிறேன்."

கணவன், பிள்ளை என்று யாரும் இல்லாதவர். நான் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த அதே ஓராண்டு, கருவியை மடியில் வைத்துக்கொண்டு அவரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். இதை இப்போது எழுத முடிகிறது. அப்போது தோன்றியது, என் மனைவியின் குரலுக்கு நான் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறதே என்பது மட்டும்.

பதிவை அவரே ஒலிக்கவிட்டார்.

முதலில் சுவர்க்கடிகாரத்தின் ஓசை. பிறகு ராமலட்சுமி. எஸ்தோனியனில், பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பதுபோல, தன் பெயரைச் சொல்கிறாள். நாகலாபுரத்திலிருந்து வருவதாகச் சொல்கிறாள். அது எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குக் கோவில்பட்டிக்குப் பக்கம் என்கிறாள், கோவில்பட்டியை உலகம் அறியும் என்பதுபோல. 'முஸ்த் முல்த்' என்கிறாள், கரிய மண். கோடையில் அது வெடித்துக் கிடக்கும்போது ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போய்விடும் என்று சொல்ல வந்து, ஆட்டுக்குட்டிக்குச் சொல் தெரியாமல், "மே, மே" என்று கத்திக் காட்டுகிறாள். இருவரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் கூரை வழியே எனக்குக் கேட்டது.

பிறகு லெய்டாவின் குரல்: "உன் கணவர் பெயர் என்ன?"

கடிகாரம் மட்டும் ஓடுகிறது. அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம். குடியேற்ற அலுவலகத்தில் கேட்டது. லெய்டா மறுபடி கேட்கவில்லை. காத்திருக்கிறார்.

"மினு மெஹெ நிமி ஒன் பெருமாள்சாமி."

என் கணவர் பெயர் பெருமாள்சாமி. அதைச் சொன்ன வேகத்திலேயே தமிழில், தனக்குத் தானே: "ஆத்தாடி, சொல்லிட்டேனே!"

மீண்டும் எஸ்தோனியனில் என்னைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்: அவருக்குப் பல மொழிகள் தெரியும். வீட்டில் குறைவாகப் பேசுவார்.

உருபுகள் எல்லாம் சரியாக இருந்தன.

7

திதியன்று மாலை ராமசுப்பு அழைத்தார். பின்னால் இலை எடுக்கும் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"மாப்ளே, ஏழு தரம் போட்டாச்சு. பாசை ஒரு மண்ணும் வெளங்கல. நம்ம ஊருப் பேர மட்டும் வாலு வச்சுச் சொல்லுதா. பொறவு ஆடு மாதிரிக் கத்துதா. அப்பிடியே சின்னப் பிள்ளையில கத்துன மாதிரி."

"ஆமா மச்சான்."

"அப்புறம், மாப்ளே..." அவருக்குச் சிரிப்பு வந்து பேச்சு நின்றது. "ஒங்க பேரச் சொல்லிட்டாளே! பொம்பளைய எல்லாம் வாயில கைய வச்சுக்கிட்டு நிக்காளுவ. ஏட்டி, திரும்பப் போடுட்டி, அவியளும் கேக்கட்டும்!"

யாரோ திரும்பப் போட்டார்கள். நாகலாபுரத்து வீட்டின் இரைச்சலுக்கு நடுவே, எஸ்தோனியனில் என் பெயர் எனக்கு வந்தது.

"பேருக்குப் பொறவு என்னமோ சொல்லுதாளே, அது என்ன மாப்ளே?"

நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"வீட்டுல கொறச்சலாப் பேசுவேனாம்."

ராமசுப்பு சிரிக்கவில்லை.

"அது சரிதான" என்றார். பிறகு, "வேற ஏதும் இருக்கா?"

"இன்னும் நாப்பது இருக்கு. மாடியில ஒரு அம்மாட்ட."

"மாடியிலதான? ஏறிப் போயி வாங்குங்களேன். எனக்கும் அனுப்புங்க. அர்த்தத்தையும் சேத்துச் சொல்லணும்."

இன்று வியாழன். இதழாசிரியருக்கு அட்டவணையை அனுப்பப் போவதில்லை. இந்தக் குறிப்புகளை அனுப்புகிறேன். நாற்பது வாரங்களில் லெய்டாவிடம் இருப்பது எல்லாம் என்னிடமும் இருக்கும், நாகலாபுரத்திலும் இருக்கும். ஆனால் அவற்றை அவர் முதன்முறை கேட்டபோது ராமலட்சுமி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அதை அவர் எனக்குத் தர முடியாது. அந்தப் பொறாமையோடுதான் படியேறப் போகிறேன். அங்கே போய்ச் சொல்ல இன்று வாக்கியம் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.